காட்டுப்பாதைக்குத் தண்ணீர் காய்ச்ச வீட்டிலேயே என்ன செய்துகொண்டு போகலாம்?

மண்டூர் வழிப்போக்கன் | மே 11, இரவு 8.20

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடமும் உகந்தையிலிருந்து காட்டுப்பாதையால் கதிர்காம முருகனிடம் நடந்து போகிறோம். ஏழு பேர். அம்மாவும் அவவின் தங்கச்சியும் வருகிறார்கள், இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது.

போன வருடம் ஆறு பேர் போனோம். வழியில் நாவலடி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கொண்டு போன தண்ணீர் வியாழை என்ற இடத்தில் முடிந்தது. தேங்கிக் கிடந்த தண்ணீரைச் சாரத்தில் வடித்துக் குடித்தோம். அடுத்த நாள் மூன்று பேருக்கு வயிற்றோட்டம். என் தம்பி கட்டகாமத்தில் எழும்ப முடியாமல் கிடந்தான். கையில் கேத்தல் இருந்தது. ஆனால் அதன் பிடி பிளாஸ்ரிக், முதல் நாள் இரவே நெருப்பில் இளகி விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை.

வீட்டில் இருப்பவை: குழந்தைப் பால்மாப் பேணி நாலு, ரின்மீன் பேணி, சதுரமான பிஸ்கற் ரின் ஒன்று, கட்டுக்கம்பி, பழைய சைக்கிள் சில்லின் ஸ்போக் கம்பிகள், குறடு, ஆணி. காஸ் அடுப்பு வாங்கிச் சுமக்க விருப்பமில்லை. இவற்றைக் கொண்டு உருப்படியாக என்ன செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

தகரவேலை கல்முனை | மே 11, இரவு 9.45

தம்பி, பிளாஸ்ரிக் பிடி உள்ள எதையும் விறகு நெருப்புக்குக் கொண்டு போக வேண்டாம். காஸ் சுவாலை அடியிலேயே நிற்கும். விறகுச் சுவாலை பக்கத்தால் ஏறிப் பிடியைத் தொடும்.

நான் முப்பது வருடமாகத் தகரம் வெட்டுகிறவன். ஒரு ஆளுக்கான தூக்குப்பேணி செய்ய அரை மணித்தியாலம் போதும். பால்மாப் பேணியை எடுங்கள். பக்கத்து மூட்டைப் பாருங்கள், மேலிருந்து கீழாக ஒரே மெல்லிய கோடாக ஓடினால் அது வெல்டிங் மூட்டு, தண்ணீர் நிற்கும். பிஸ்கற் ரின் மடித்து அமுக்கிய மூட்டு, ஒழுகும். அதை விட்டுவிடுங்கள்.

பேணிக்குள் ஒரு மரக்கட்டையை இறுக்கமாக நுழைத்துவிட்டு வெளியிலிருந்து ஆணி அடிக்க வேண்டும். கட்டை இல்லாமல் அடித்தால் பேணி நெளிந்துவிடும், பிறகு மூடி இருக்காது. விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை கீழே, நேரெதிராக இரண்டு ஓட்டை. கட்டுக்கம்பியை மூன்று இழையாக முறுக்கி, இரண்டு நுனியையும் வெளியிலிருந்து உள்ளே விட்டு மேல்நோக்கி மடக்குங்கள். பிடி பேணிக்கு மேல் ஒரு சாண் உயரம் நிற்கட்டும். நடுவில் குறட்டால் சின்னதாக ஒரு பள்ளம் வளைத்துவிட்டால், கொளுக்கியில் தொங்கும்போது வழுக்கி ஒரு பக்கம் சாயாது.

பலரும் மறக்கிற வேலை ஒன்று இருக்கிறது. பேணியின் அடிப்பக்கத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம் கட்டி, அதில் விரல் அளவு காது ஒன்று விடுங்கள். ஊற்றும்போது பிடியை ஒரு கையால் தூக்கி, ஒரு குச்சியை அந்தக் காதில் கொடுத்து அடியை நிமிர்த்தலாம். துணி பிடித்து ஊற்றப் போய்த்தான் பாதிப் பேர் காலில் ஊற்றிக்கொள்கிறார்கள்.

அடுத்தது பூச்சு. பேணியின் உள்ளே வெள்ளையாகவோ பொன்னிறமாகவோ ஒரு பூச்சு இருக்கும். சாப்பாடு தகரத்தில் படாமலிருக்கப் பூசியது. சுவாலை அதற்கு ஆகாது. வெறும் பேணியை விறகு நெருப்பில் வைத்து அது முழுவதும் எரிந்து உதிரும்வரை விடுங்கள். காற்று வருகிற பக்கம் நில்லுங்கள், அந்தப் புகையை மூச்சில் எடுக்கக் கூடாது. ஆறியதும் மணலும் தும்பும் போட்டு உரஞ்சி, இரண்டு முறை தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். அந்தச் சூட்டில் வெள்ளீயப் பூச்சும் போய்விடும், அது 232 பாகையிலேயே உருகும். ஆகவே பேணி துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் துடைத்து நெருப்பில் காட்டிக் காய வைத்தால் ஒரு யாத்திரைக்கு நிற்கும்.

பெயின்ற் ரின், எஞ்சின் ஒயில் ரின், மருந்தடிக்கிற ரின் எதையும் கழுவிப் பாவிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நாகம் (துத்தநாகம்) பூசிய வாளியும் வேண்டாம். மூடியை இறுக்கி அமுக்காமல் மேலே வைத்தால் போதும். ஆவி போக வழியில்லாவிட்டால் வெடிக்கும்.

---

கடற்காற்று | மே 11, இரவு 10.02

காக்கா, சோடா வருகிற அலுமினியப் பேணியில் செய்தால் இன்னும் பாரம் குறையுமே?

---

தகரவேலை கல்முனை | மே 11, இரவு 10.10

குறையும். ஆனால் கடதாசி மாதிரி மெல்லியது. தண்ணீர் இருக்கும் மட்டத்துக்கு ஒன்றும் ஆகாது, தண்ணீர் வற்றிய இடத்தில் சுவாலை பட்டால் ஓட்டையாகிவிடும். அலுமினியம் 660 பாகையில் உருகும், தணலின் சூடு அதைத் தாண்டும். அவசரத்துக்கு ஒருமுறை என்றால் சரி. ஐந்து நாள் நடைக்கு வேண்டாம் மகன்.

---

கரடியனாறு வாடி | மே 12, காலை 5.50

வயற்காவலுக்குப் படுக்கிற நாங்கள் அடுப்புக் கட்டுவதில்லை, வெட்டுகிறோம். பேணியைப் பற்றிக் காக்கா எல்லாம் சொல்லிவிட்டார். நான் நெருப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும். மேலே மூட்டிய நெருப்பில் பாதிச் சூடு காற்றோடு போகும், பொறியும் பறக்கும். அந்தக் காலத்தில் புல் எல்லாம் காய்ந்து கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் கிடங்குதான் நல்லது. ஒரு சாண் ஆழம், இரண்டு சாண் நீளம். அகலம் உங்கள் பாத்திரத்தின் அடியைவிட இரண்டு விரல் குறைவாக இருக்க வேண்டும். பாத்திரம் இரண்டு கரையிலும் தானாகக் குந்தும், கல்லும் கம்பியும் தேவையில்லை. வாய் கச்சானைப் பார்க்க வேண்டும். பின்பக்கம் சரிவாக மேலே வந்து, பாத்திரத்துக்குப் பின்னால் கையளவு திறந்திருந்தால் புகை அந்த வழியால் போகும். வாய்ப்பக்கத்தால் சுள்ளியைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். ஊதத் தேவையே வராது, காற்று ஊதும்.

மண்வெட்டி தேவையில்லை. கத்தியால் கொத்திச் சிரட்டையால் அள்ளினால் பத்து நிமிடம்.

ஆற்றுக்குள் கிடந்த கல்லை எடுத்து அடுப்பு வைக்கவே கூடாது. உள்ளே ஈரம் ஊறியிருக்கும், சூடேறினால் வெடித்துச் சிதறும். எங்கள் வாடியில் ஒருவருடைய புருவத்தில் பட்டு நாலு தையல்.

போகும்போது தணலில் தண்ணீர் ஊற்றி, கையால் கிளறிச் சூடில்லை என்று பார்த்து, வெட்டிய மண்ணையே போட்டு மூடுங்கள்.

---

தம்பிலுவில் அக்கா | மே 12, காலை 11.30

நான் ஒன்பது முறை அந்தப் பாதையால் நடந்தவள். தம்பி கேட்ட கேள்வியிலேயே ஒன்று விடுபட்டிருக்கிறது.

காட்டில் எங்கள் ஆட்கள் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிப்பது பாத்திரம் இல்லாததால் அல்ல. எல்லோரிடமும் சட்டி இருக்கிறது, அதில்தான் கஞ்சி வைக்கிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு முன்னால் கொதிக்கிற தண்ணீரை வைத்தால் அவன் குடிக்கமாட்டான். பக்கத்துக் குட்டையில் குளிர்ந்து கிடப்பதைத்தான் அள்ளுவான். நானும் முதல் வருடம் அள்ளினேன். காய்ச்சிய தண்ணீர் ஆறியிருக்க வேண்டும், தாகம் வருவதற்கு முன்னமே போத்தலுக்குள் இருக்க வேண்டும். அப்படியென்றால் நாளைக்குரியதை இன்று இரவே காய்ச்ச வேண்டும்.

ஏழு பேர், ஆளுக்கு மூன்று லீற்றர் என்று வைத்தாலும் இருபத்தொரு லீற்றர். ஒரு லீற்றர் பேணியை இருபத்தொரு தரம் வைத்து இறக்க முடியுமா? எட்டு மணிக்கு எல்லோரும் படுத்துவிடுவார்கள். பேணி அழகாக இருக்கும், தேத்தண்ணிக்கு நல்லது. தண்ணீர் காய்ச்ச வாளி வேண்டும்.

எங்கள் குழு கொண்டு போவது இரண்டு சில்வர் வாளி. ஐந்து லீற்றர் ஒன்று, அதற்குள் இறங்குகிற நாலு லீற்றர் ஒன்று. ஒன்று நெருப்பில் இருக்க மற்றது ஆறும். ஆறுகிற வாளியைச் சுற்றி நனைத்த சீலைத்துண்டு கட்டிக் காற்றில் வைத்தால் சீக்கிரம் ஆறும், கச்சானுக்குச் சீலை காயக் காய வாளி குளிரும். சூடாக இருக்கும்போதே போத்தலில் ஊற்ற வேண்டாம், தண்ணீர்ப் போத்தல் சுருங்கி வாய் கோணிவிடும். விரல் பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள்.

இப்போது சில இடங்களில் தாங்கியில் தண்ணீர் வைக்கிறார்கள், அது பெரிய உதவி. ஆனால் நாங்கள் போய்ச் சேருகிற நேரம் தாங்கி வெறுமையாகவும் இருக்கும்.

---

தகரவேலை கல்முனை | மே 12, பகல் 1.15

தங்கச்சி சொன்னது சரி. வாளி எடுக்கும்போது பிடி மாட்டிய காதைப் பாருங்கள். ஆணி அடித்து இறுக்கிய காது, அல்லது வெல்டிங் வைத்த காது என்றால் எடுங்கள். ஈயம் வைத்து ஒட்டியது வேண்டாம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவாலை பட்டால் ஈயம் இளகி, கொதிக்கிற வாளி கழன்று விழும். மூடியும் வீட்டிலேயே செய்யலாம். பிஸ்கற் ரின்னின் அடித்தகரம் அதற்கு உதவும். பெயின்ற் அடித்த பக்கத்தை எரித்து உரஞ்சிவிட்டு, வாளி வாயைவிட அரை அங்குலம் பெரிதாக வட்டம் வெட்டி விளிம்பைக் குறட்டால் கீழே மடியுங்கள். நடுவில் ஒரு கம்பி வளையம். குச்சியால் தூக்கலாம்.

---

சம்மாந்துறை வகுப்பறை | மே 12, இரவு 7.40

பௌதிகம் படிப்பிக்கிறேன், ஆகவே கணக்கோடு வருகிறேன். மூடி ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இதில் தெரியும்.

28 பாகையிலுள்ள ஒரு லீற்றர் தண்ணீரை 100க்குக் கொண்டுவர ஏறக்குறைய 300 கிலோயூல் வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் 15, 16 மெகாயூல் வரை இருக்கிறது. திறந்த மூன்று கல் அடுப்பில் அதில் பத்திலிருந்து பதினைந்து வீதம்தான் பாத்திரத்துக்குள் போகிறது. மிச்சம் காற்றுக்கு. அந்தக் கணக்கில் லீற்றருக்கு 150 கிராம், அக்காவின் ஐந்து லீற்றர் வாளிக்கு முக்கால் கிலோ விறகு. இருபத்தொரு லீற்றருக்கு மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூட. விறகு ஈரமாயிருந்தால் முதலில் அந்த ஈரத்தை ஆவியாக்கவே சூடு செலவாகும், கணக்கு இன்னும் கூடும். கிடங்கு அடுப்பில் காற்று அடிபடாததால் குறையும்.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போனால் 2,260 யூல் எடுத்துக்கொண்டு போகிறது. மூடாத வாளியில் கொதிக்க முன்னமே மேற்பரப்பிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருக்கும். மூடி அதைத் தடுக்கிறது. சாம்பல் விழாமலும் பாதுகாக்கிறது.

கொதி எவ்வளவு நேரம் என்று எல்லோரும் சண்டை பிடிப்பார்கள். குமிழி அடியிலிருந்து விடாமல் எழும்பிப் புரண்டு கொதிக்கத் தொடங்கினால், அதிலிருந்து ஒரு நிமிடம் போதும். 2,000 மீற்றருக்கு மேலே போனால்தான் மூன்று நிமிடம், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியா நகரம்கூட 1,868 மீற்றர்தான். உகந்தையும் கதிர்காமமும் தாழ்ந்த நிலம்.

---

பழைய யாத்திரி | மே 12, இரவு 9.05

சேர், எங்கள் அம்மா பத்து நிமிடம் கொதிக்க விடுவா. டொக்டர்மாரும் முன்பு அப்படித்தான் சொன்னார்கள். ஒரு நிமிடம் என்று எழுதினால் சனம் அரைகுறையாகக் குடித்து வருத்தம் வரும்.

---

சம்மாந்துறை வகுப்பறை | மே 12, இரவு 9.30

ஐயா, வீட்டில் பத்து நிமிடம் விடுவதில் பிழையில்லை. காட்டில் விறகு பொறுக்குவது யார் என்பதுதான் என் கவலை. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் தருகிற கிருமிகள் 100 பாகை வருவதற்கு முன்னமே சாகத் தொடங்கிவிடும். சூடேறுகிற நேரமும் ஆறுகிற நேரமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. பத்து நிமிடம் என்று வைத்தால் விறகு முடிந்து, கடைசி வாளியைக் காய்ச்சாமலே குடிப்பார்கள். நீங்கள் பயப்படுகிறபடி அரைகுறையாக இறக்காமலிருக்க, மூடியைத் திறந்து புரண்டு கொதிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு நேரத்தை எண்ணத் தொடங்கச் சொல்லுங்கள். சின்னக் குமிழி வருவது கொதி இல்லை.

---

ஆரையம்பதி நிழல் | மே 13, காலை 9.10

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். காய்ச்சினால் எல்லாம் போய்விடும் என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது. 2004 மார்கழிக்குப் பிறகு எங்கள் கிணறெல்லாம் கடல் புகுந்து உப்பாகிவிட்டது. நான் அதைக் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தேன். தண்ணீர் குறையக் குறைய உப்புக் கூடியது. அப்போதுதான் விளங்கியது, கிருமி சாகும், உப்புப் போகாது.

காட்டுப்பாதையிலும் கடலை ஒட்டிய மடுக்களில் தண்ணீர் கரிக்கும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, கரித்தால் அங்கே விறகை வீணாக்க வேண்டாம்.

---

கரடியனாறு வாடி | மே 13, காலை 10.00

அம்மா சொன்னது போலத்தான் வயல் மருந்தும். களைநாசினி அடித்த வாய்க்கால் தண்ணீரை எவ்வளவு காய்ச்சினாலும் மருந்து அதிலேயே இருக்கும். நாங்கள் வாய்க்கால் தண்ணீரில் கை கால் கழுவுவதோடு சரி, குடிக்க வீட்டிலிருந்து கானில் கொண்டு போகிறோம்.

---

வாகரை மீன்வாடி | மே 13, பகல் 12.20

விறகு பொறுக்குகிறவர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய ஒன்று. வாவிக்கரை, ஆற்றுவாய்ப் பக்கத்தில் தில்லை நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையை மறைக்கும், தோலில் பட்டால் பொக்களம் போடும். எரித்தால் புகையும் கண்ணை எரிக்கும். அலரியும் அடுப்புக்கு ஆகாது. பெயர் தெரியாத பால்மரம் எதையும் எடுக்காதீர்கள்.

கடற்கரை மணலில் கிடங்கு நிற்காது, இடிந்துகொண்டே இருக்கும். நாங்கள் தண்ணீர் தெளித்து மணலை அடித்து இறுக்கிவிட்டு வெட்டுவோம். மூட்டுவதற்குத் தென்னம் பன்னாடையும் பனங்கொட்டை ஊமலும் கொண்டு போங்கள். ஊமல் நின்று எரியும், தணலும் நல்லது.

---

மண்டூர் வழிப்போக்கன் | மே 18, மாலை 6.30

எல்லோருக்கும் மிகவும் நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வளவில் செய்து பார்த்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காக்கா சொல்லியும் கேளாமல் பிஸ்கற் ரின்னில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் மூலையால் ஒழுகி நெருப்பு அணைந்தது. அதன் அடித்தகரத்தை வெட்டி மூடி செய்துவிட்டேன்.

தூக்குப்பேணி நன்றாக வந்தது. பூச்சை எரிக்கும்போது வந்த புகை மணம் மோசம், வீட்டுக்குத் தூரத்தில் செய்தது நல்லதாகப் போயிற்று. அடியில் விட்ட காதால் அம்மா ஒற்றைக் கையாலேயே தேத்தண்ணி ஊற்றினா.

சில்வர் வாளி ஐந்து லீற்றர் வாங்கினேன். கிடங்கை அகலமாக வெட்டிவிட்டு, அதன் மேல் எட்டு ஸ்போக் கம்பியை வரிசையாக வைத்து வாளியை இருத்தினேன். கொதி வருகிற நேரம் கம்பிகள் சிவந்து தொய்ந்து, வாளி ஒரு பக்கம் சரிந்து பாதித் தண்ணீர் கிடங்குக்குள் போய்விட்டது. சாம்பலும் ஆவியும் முகத்துக்கு வந்தன. பிள்ளைகள் பக்கத்தில் நிற்கவில்லை, அது பெரிய காரியம்.

இரண்டாவது கிடங்கைக் கரடியனாற்று அண்ணன் சொன்ன அளவில் ஒடுக்கமாக வெட்டினேன். வாளி கரையிலேயே குந்தியது. மூடியோடு 19 நிமிடத்தில் புரண்டு கொதித்தது. அதே வாளி, மூடியில்லாமல் 26 நிமிடம்.

எங்கள் வளவு களிமண். காட்டில் மணலாக இருந்தால் கரை தாங்குமா என்பதுதான் இப்போது யோசனை.

---

சம்மாந்துறை வகுப்பறை | மே 18, இரவு 8.00

ஸ்போக் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு. ஐந்து லீற்றர் வாளி ஐந்தரைக் கிலோ. குளிரில் ஒருவேளை தாங்கும். இரும்பு சிவந்தால் பலம் பாதிக்குக் கீழே போய்விடும். ஒரு லீற்றர் பேணிக்கு ஸ்போக் போதும், வாளிக்கு 6 மில்லிமீற்றர் கம்பி வேண்டும். வளைவைத் தாங்கும் பலம் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், ஆகவே மூன்று மடங்கு தடித்த கம்பி இருபத்தேழு மடங்கு தாங்கும். அந்தக் கம்பி மீற்றருக்கு 222 கிராம்தான். ஓரடித் துண்டு மூன்று எடுத்தால் 200 கிராம். மணலில் கரை இடிந்தாலும் கம்பியின் நுனிகள் இரண்டு பக்கமும் நீண்டு கிடப்பதால் வாளி நிற்கும்.

---

கடற்காற்று | மே 18, இரவு 8.25

நடுவில் புகைக்குழாய் வைத்த கேத்தல் ஒன்று படத்தில் பார்த்தேன். சுள்ளி நாலு போட்டாலே கொதிக்குமாம். அதைச் செய்ய முடியாதா காக்கா?

---

தகரவேலை கல்முனை | மே 18, இரவு 9.10

முடியும், நான் ஒன்று செய்திருக்கிறேன். சுவாலை நடுக்குழாயால் மேலே ஏறும், தண்ணீர் அதைச் சுற்றி நிற்கும். சூடு படுகிற பரப்புக் கூட, அதனால் சீக்கிரம் கொதிக்கும். காற்றும் ஒன்றும் செய்யாது. ஆனால் குழாயும் வெளிச்சுவரும் சேருகிற மூட்டு ஆர்கன் வெல்டிங்கில் சில்வரோடு சில்வராக ஒட்ட வேண்டும். ஈயப் பற்றாசு வைத்தால் இளகும், தண்ணீரிலும் ஈயம் சேரும். குடிக்கிற தண்ணீருக்கு அது நஞ்சு. தண்ணீர் ஊற்றாமல் நெருப்பு மூட்டினால் குழாய் கோணிவிடும். வாயை அடைத்துவைத்தால் வெடிக்கும். என்னுடையது ஒன்றரை லீற்றர், பாரம் ஒரு கிலோவுக்கு மேல். தோணியில் மீனுக்குப் போகிறவருக்குச் செய்து கொடுத்தேன். நடக்கிறவருக்கு அது சரிவராது.

---

பழைய யாத்திரி | மே 19, காலை 6.40

முக்காலி கட்டுவோம், கவர்க்கம்பு நடுவோம் என்று நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். குமணவும் யாலவும் தேசிய பூங்கா. பச்சைக் கொப்பு ஒன்றும் வெட்டக் கூடாது, சட்டப்படி குற்றம். விழுந்து காய்ந்ததை, அதுவும் தங்குமிடத்தைச் சுற்றியே பொறுக்க வேண்டும். நெருப்பும் ஆட்கள் தங்குகிற இடத்தில் மட்டும்தான், வழியில் நினைத்த இடத்தில் இல்லை. அந்த வகையில் கிடங்கும் கம்பியும் நல்ல ஏற்பாடு.

கலங்கல் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டை கொண்டு போங்கள். வாளியின் உட்சுவரில் கொஞ்சம் உரைத்துவிட்டுத் தண்ணீரை விட்டால் சேறு அடியில் படியும். தெளிந்ததை மெதுவாக மற்ற வாளிக்கு இறுத்து, நாலு மடிப்புச் சீலையில் வடித்து, மறுகா காய்ச்சுங்கள். தெளிந்துவிட்டது என்று காய்ச்சாமல் விடக் கூடாது.

இருட்டிய பிறகு தண்ணீர் அள்ள ஆற்றுக்கு இறங்க வேண்டாம். குமுக்கன் ஆற்றிலும் மாணிக்க கங்கையிலும் முதலை இருக்கிறது. வெளிச்சத்திலேயே அள்ளி வைத்துவிடுங்கள்.

---

தம்பிலுவில் அக்கா | மே 19, காலை 8.15

ஐயா சொன்ன நேரத்தை அப்படியே பிடியுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை அள்ளித் தெளிய விடுவது. பிறகு குளிப்பு, கும்பிடு. மாலை ஐந்தரைக்கு முதல் வாளி ஏற வேண்டும்.

வாளியின் வெளிப்பக்கத்துக்குச் சவர்க்காரம் பூசிவிட்டு நெருப்பில் வைத்தால் கரி ஒரே கழுவலில் போகும். சவர்க்காரம் இல்லாவிட்டால் மண் பூசலாம். இல்லையென்றால் பையில் இருக்கிற வேட்டி எல்லாம் கரியாகிவிடும். காய்ச்சிய தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று பிள்ளைகள் குடிக்காவிட்டால், தேத்தண்ணி ஆற்றுகிற மாதிரி இரண்டு பாத்திரத்துக்கு மாறி மாறி ஊற்றுங்கள். காற்றுச் சேர்ந்தால் ருசி வரும்.

---

மண்டூர் வழிப்போக்கன் | ஜூலை 6, இரவு 7.50

முருகன் அருளால் ஏழு பேரும் நடந்து போய்ச் சேர்ந்து, நேற்று வீட்டுக்கு வந்தோம். ஒருவருக்கும் வயிறு குழம்பவில்லை. தம்பி இந்த முறை அம்மாவின் பொதியையும் சேர்த்துச் சுமந்தான்.

கொண்டு போனவை: ஐந்து லீற்றர் வாளி, நாலு லீற்றர் வாளி, தகர மூடி இரண்டு, 6 மில்லிமீற்றர் கம்பி மூன்று, தூக்குப்பேணி ஒன்று, ஒரு பை ஊமல், தேத்தாங்கொட்டை நாலு. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி ஒரு அரிசிச் சாக்குக்குள் அடங்கியது.

குமுக்கன் ஆற்றங்கரையில் மருதமர நிழலில் முதல் இரவு. மணல்தான். அடித்து இறுக்கி வெட்டியும் வாய்ப்பக்கம் இடிந்தது. கம்பி மூன்றும் இல்லாவிட்டால் வாளி சாய்ந்திருக்கும். நாலாவது வாளி இறங்க இரவு எட்டேகால் ஆகிவிட்டது. சின்னம்மா நனைந்த சீலையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டே இருந்தா. விடிய நாலு மணிக்கு வாளியைத் தொட்டால் மண்பானை மாதிரிக் குளிர்.

வியாழையில் போன வருடம் அள்ளிய அதே இடத்தில் தண்ணீர் இன்னும் மோசம், தேத்தண்ணி நிறம். கொட்டையை உரைத்து விட்டு ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். அடியில் விரல் அளவு சேறு. அங்கே திருகோணமலைப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு இருந்தார்கள், பால் கரைக்கச் சுடுதண்ணி கேட்டார்கள். தூக்குப்பேணி அன்று இரவு முழுவதும் அவர்களுடைய நெருப்பில்தான் இருந்தது. விடிய அதை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். இன்னொன்று செய்ய எனக்கு அரை மணித்தியாலம்தானே.

ஒரு குறை மட்டும். நாலு லீற்றர் வாளியின் மூடி விளிம்பைச் சரியாக மடிக்கவில்லை. வள்ளியம்மன் ஆற்றில் தம்பியின் பெருவிரலை வெட்டிவிட்டது.

---

தகரவேலை கல்முனை | ஜூலை 6, இரவு 8.30

விரல் எப்படி இருக்கிறது? விளிம்பை ஒருமுறை மடித்தால் போதாது, இரண்டாவது முறை உள்ளே மடித்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். நான் அதை எழுதாமல் விட்டது என் பிழை. மூடியைக் கொண்டு வாருங்கள், மடித்துத் தருகிறேன்.

---

கடற்காற்று | ஜூலை 6, இரவு 8.41

அண்ணா, அடுத்த வருடம் எங்கள் ஆட்கள் பதினொரு பேர். வாளி மூன்றாக்குவதா, பெரிதாக்குவதா?

---

தம்பிலுவில் அக்கா | ஜூலை 6, இரவு 9.05

மூன்றாக்குங்கள். பெரிய வாளி நிறைய இருந்தால் ஒற்றை ஆள் இறக்க முடியாது, ஆறவும் நேரம் எடுக்கும். கிடங்கை இன்னும் இரண்டு சாண் நீட்டி வெட்டினால் ஒரே நெருப்பில் இரண்டு வாளி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முன்னால் நிற்பது கொதிக்க, பின்னால் நிற்பது அதற்குள் பாதிச் சூடாகியிருக்கும். முன்னதை இறக்கிப் பின்னதை இழுத்து வையுங்கள்.